கட்டை வைத்து அடக்கிய குழாய்

எண்பதுகளில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ஃபிட்டர். ஓடையிலிருந்து பழம் உரிக்கும் கொட்டகைக்குத் தண்ணீர் ஏற்றும் இரும்புக் குழாய், அறுவடைக் காலம் முழுக்கத் தடதடவென்று உதறும். ஓடைக்குள் இருக்கும் சல்லடையை இலை அடைத்துக்கொள்வதால் பம்பு தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், அதுதான் காரணம். சுத்தம் செய்ய அரை நாள் பம்பை நிறுத்தியாக வேண்டும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் விடவே மாட்டார்.

"பழம் புளிச்சுப் போயிருமுங்க. எப்பவும்போல ஒரு கட்டையை அடிச்சு வுடுங்க" என்பார்.

எங்கள் எஸ்டேட் வைத்தியமே அதுதான். குழாய்க்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவே மரக்கட்டையை அடித்து இறுக்குவோம். ஒரு வருடம், நான்காவது கட்டையை எரிச்சலோடு நானே அடித்தேன். உதறல் சட்டென்று நின்றது. ரைட்டர் சிரித்தார். எனக்குத்தான் திக்கென்றது. அவ்வளவு உதறலும் எங்கே போயிருக்கும்?

சுவருக்கு மறுபக்கம், பழம் பறிக்கும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப் போகும் அறை. அதன் உத்தரமும் அந்தச் சுவர்மேல்தான் இருந்தது. மதியம் அங்கிருந்த ஆயாம்மா சந்தோஷமாக வந்து சொன்னார்:

"ஏனுங்க, இன்னைக்கு எனக்கு வேலையே இல்லீங்க. உத்தரத்துல கட்டுன தூளியெல்லாம் தானா ஆடுதுங்க. புள்ளைங்க நொம்ப நல்லாத் தூங்குதுங்க."