குலவை விழுந்த இடம்

என் சித்தப்பா இப்போது வெளிநாட்டு மேடைகளில் ஜாஸ் இசைக்கு டிரம்ஸ் வாசிக்கிறார். அவர் வாசிப்பைக் கேட்பதற்கென்றே டிக்கெட் எடுத்து வருகிறார்களாம். பாளையம்பட்டியில் எங்கள் வத்தல் கடையில் அவரை உட்கார வைக்கத் தாத்தா பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? தராசுத் தட்டு, எண்ணெய் டின், என் தலை என்று எது கையில் சிக்கினாலும் தாளம் போடுகிற ஆள் அவர்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், டிரம்ஸ் கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். தாத்தா ஒரு நிபந்தனை போட்டார்.

"பங்குனிப் பொங்கலுக்கு ஊரு முன்னால வாசி. சனம் உக்காந்து கேட்டா, போ. எந்திரிச்சுப் போயிட்டா, மறுநா கடைக்கு வந்துரணும்."

கோயில் திடலில் ஒரு பக்கம் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைக்க, எதிரே சித்தப்பா வாடகை டிரம்ஸோடு உட்கார்ந்தார். அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் எதிர்பார்த்தது சினிமாப் பாட்டு அடியை. அவரோ கம்பியால் ஆன சின்னத் துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்து மெல்லத் தேய்த்தார்.

"ஏலே, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறானா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, திடலே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு குச்சிக்கு மாறினார். அடி ஏறிக்கொண்டே போனது. ஆனால் அதற்குள் நாலைந்து பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தாத்தாவின் முகத்தில் கடைக்கு ஆள் கிடைத்த நிம்மதி. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா சட்டென்று நிறுத்தினார். இரண்டு கையும் மேலே நின்றன. அடுத்தது மறந்துபோய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அம்மா குலவை போட்டாள்.

பானை பொங்கும்போது போடுகிற குலவை அது. ஒருத்தி ஆரம்பித்தால், பொங்கியது யார் பானை என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எழுந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். குலவை அடங்குகிற இடத்தில் சித்தப்பாவின் கை இறங்கியது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தாத்தாவே, "போயிட்டு வாடா" என்றார்.

நான் அம்மாவிடம், "நம்ம பானை பொங்கவே இல்லையேம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம அடுப்புப் பொகை கண்ண மறைச்சிருச்சுடி," என்றாள்.

ஊர் முன்னால் இப்படித் தப்புப் பண்ணிவிட்டாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எந்த ஊரில் வாசித்தாலும் சித்தப்பா ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தாமல் இருப்பதில்லை. அம்மா அதை ஃபோனில் பார்த்துவிட்டுச் சும்மா சிரிப்பாள். அன்றைக்கு அவள் என்னிடம் பதில் சொன்னபோதும் தீப்பெட்டி அவள் கையில்தான் இருந்தது. பற்ற வைக்காத அடுப்பில் ஏது புகை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.