மத்தாப்புப் பொறி என்று நான் சொன்ன கரும்புள்ளி

மகளின் இடது அக்குளில் இருந்த அந்தக் கரும்புள்ளியை முதலில் பார்த்தவள் என் மனைவி ஜெயராணி. தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. பாப்பாவுக்கு இன்னாவோ ஆயிருக்கு."

மிளகளவு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லப்பா, கூசுது" என்று நெளிந்தாள் மெர்சி. அப்போது அவளுக்கு ஆறு வயது.

நான் சுரங்கப் பணிமனையில் வெல்டர். மண் வெட்டும் இயந்திரத்தின் வாளிப் பற்கள் தேய்ந்து வந்தால் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இத்தனை வருடத்தில் இரும்பை அதிகம் சுட்டேனா, என்னையே அதிகம் சுட்டுக்கொண்டேனா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொறி பட்ட இடம் சிவக்கும், கறுக்கும், வளையம் கட்டும், பிறகு தானே உதிரும். சட்டைக் கழுத்து வழியாக இறங்கி அக்குளில் போய் உட்காரும் பொறிகளை எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. அதனால் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. மத்தாப்புப் பொறி. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் பட்டாசு என்று வந்துவிட்டால் மெர்சிக்கு எல்லாப் பண்டிகையும் சொந்தம். கையில்லாத கவுனோடு கம்பி மத்தாப்பு சுற்றினாளே, அதுதான்.

"பொறி பட்டா கத்தியிருக்க மாட்டாளா? தலை வாருனாலே ஊரக் கூட்டுறவ" என்றாள் ஜெயராணி.

"வெடிச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

அந்தப் பதிலில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மழைக்காலம், டவுன்ஷிப்பில் பாதி வீட்டில் காய்ச்சல்தான். பக்கத்துக் கிளினிக்கில் தொண்டையைப் பார்த்தார்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். வைரல் காய்ச்சலாக இருக்கும், பாராசிட்டமால் கொடுங்கள், குறையவில்லை என்றால் கூட்டி வாருங்கள் என்றார்கள். அக்குளை நாங்கள் காட்டவில்லை. மறைக்க நினைக்கவில்லை, தோன்றவே இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர், தீக்காயத்துக்கு நான் என்று எங்கள் வீட்டில் இலாகா பிரிந்திருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதை இரண்டு இலாகாவும் கவனிக்கவில்லை.

காய்ச்சல் குறையவில்லை. மருந்து கொடுத்தால் இறங்கும், நேரம் போனால் ஏறும் என்று நாலு நாள் ஓடியது. வயிற்றிலும் முதுகிலும் லேசாகத் தடிப்புகள் தெரிந்தன. எங்கள் மாநிறத்தில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வேர்க்குரு என்றேன். கார்த்திகை மழையில் வேர்க்குரு எப்படி வரும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய்.

அடுத்த நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. கண் திறப்பாள், பார்ப்பாள், மூடிக்கொள்வாள். முந்தைய நாள் மாலைக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. மூச்சு, ஓடிவந்து நின்ற பிள்ளையின் மூச்சு போல இருந்தது. நான் முதல் ஷிப்டுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போறதுன்னா போங்க. நான் ஆட்டோ புடிச்சிகினு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள் ஜெயராணி.

ஒரு காலில் பூட்ஸும் மற்றதில் செருப்புமாக ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் அதைக் கவனித்தேன். வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

குழந்தைகள் பிரிவில் இருந்தவர் இளம் வயதுப் பெண் டாக்டர். கேள்விகளுக்கு முன்னால் மெர்சியின் உடைகளைக் கழற்றச் சொன்னார். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தொடையிடுக்கில், முதுகில் எனத் தேடிக்கொண்டே வந்தார். இடது கையைத் தூக்கியதும் நிறுத்தினார். அக்குளில் நெறி கட்டியிருந்தது (நிணநீர் முடிச்சு வீங்கியிருந்தது).

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"காய்ச்சலுக்கு முன்னாடியே இருக்குங்க டாக்டர். மத்தாப்புப் பொறி. நான் வெல்டர்ங்க."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "பாக்கச் சுட்ட மாதிரிதான் இருக்கும். யாரோ பீடியால சுட்டுட்டாங்கன்னு நாங்களே அப்பா, அம்மாவ சந்தேகப்பட்டது உண்டு. சுட்ட புண்ணு தொட்டா வலிக்கும். இது வலிக்காது. பேரு எஸ்கர்."

எஸ்கர் (பூச்சி கடித்த இடத்தில் தோல் செத்துக் கருகிய பொருக்கு). நோயின் பெயர் ஸ்கரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல், புதர்களில், புல்லில் இருக்கும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது). கடித்தது தெரியாது, வலிக்காது. காய்ச்சல் வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஆளில்லாத பழைய குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்று உண்டு. சுவர் மறைய புதர் மண்டியிருக்கும். பிள்ளைகள் அங்கேதான் ஒளிந்து விளையாடுவார்கள். ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது என்று மெர்சிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அடியேன்தான்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் (இந்தக் கிருமிக்கான மருந்து) தொடங்கினார்கள். அதற்குள் நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பயம் வந்தால் ஜோக் வரும். ஆம்புலன்ஸில் ஏதோ சொன்னேன். டிரைவர் மரியாதைக்குச் சிரித்தார். மகளின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடித்தபடியே ஜெயராணி என்னைப் பார்த்தாள். கடலூர் தாண்டும்வரை மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நெகிழி நாற்காலி வரிசை. பக்கத்து நாற்காலியில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளி ஒருவர். அவருடைய மூன்று வயது மகளுக்கும் இதே காய்ச்சல். கரும்புள்ளி அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்திருக்கிறது.

"கயிறு ஒரசி புண்ணாயிருக்குன்னு நெனச்சோம் சார். வூட்ல தேங்காண்ண தடவிகினு இருந்தாங்க. கயித்தக்கூட லூசாக் கட்டுனோம்."

எனக்குப் பொறி, அவருக்குக் கயிறு. இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். அவர்கள் எங்களைவிடத் தாமதமாக மகளைக் கொண்டுவரவில்லை. நோய்தான் அவளிடம் முந்திப் போயிருந்தது.

மறுநாள் மெர்சியின் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. இந்த மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான், சட்டென்று இறங்கும் என்றார்கள். ஜெயராணி கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாள். அன்று மத்தியானம் நெசவாளியை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"உங்க பொண்ணுக்கு எங்க சார் இருந்துச்சு?"

முன்பே சொல்லியிருந்தேன். மறுபடி கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என் அக்குளையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை எப்போது கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் மனைவியைத் தேடிப் படியிறங்கிப் போனார். கூடப் போயிருக்கலாம். போகவில்லை. என் மகள் பிழைத்த முகத்தோடு அவர் எதிரில் நிற்க முடியவில்லை.

இதே பயத்தோடு படித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று. கடித்த இடம் அரித்து, தடித்து, தானே அடங்கினால், பிள்ளை ஓடி விளையாடினால், வீட்டில் வைத்துப் பார்க்கலாம். கடியோ தடிப்போ இருந்து கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்; காட்டும்போது துணியை விலக்கி முழு உடம்பையும் காட்டுங்கள். பிள்ளை துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் நின்றாலோ, முகம் வீங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அது என்ன புள்ளி என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான் கண்டுபிடித்த லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே.

மெர்சி வீடு திரும்பியபோது கழுத்து மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தாள். மாடிப்படி ஏற என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பொருக்கு உதிர்ந்து, வெளுத்த வட்டம் ஒன்று நின்றது. முன்பெல்லாம் எனக்கு நாள் என்பது மூன்று ஷிப்டு. இப்போது அது அவள் குளித்து முடிக்கும் நேரத்தில் தொடங்குகிறது. எந்த ஷிப்டாக இருந்தாலும் ஜெயராணியோ நானோ விளக்கருகில் அவளை நிறுத்திக் காது, கழுத்து, அக்குள், இடுப்பு என்று பார்க்கிறோம். ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் கையைத் தூக்கியபடியே கேட்டாள்.

"எப்ப வரைக்கும்ப்பா பாப்பீங்க? நான் பெரிய பொண்ணு ஆனாக்கூடயா?"

"அப்ப அம்மா மட்டும் பாப்பாங்க."

"அம்மா இல்லன்னா?"

"நீயே பாத்துக்கணும்."

கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "முதுக எப்படிப் பாக்கறது?"

வழக்கமாக எனக்கு இந்த இடத்தில் ஒரு ஜோக் வந்திருக்க வேண்டும். திரும்பி நில் என்று சொன்னேன். நின்றாள்.