காராமணி வேரில் கொப்புளம்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் முசரவாக்கத்தில் காராமணி போட்டோம். முதல் தடவை செடியெல்லாம் வெளுத்து, காய்க்காமலே நின்றுவிட்டது. மறுபடி விதைக்கும்போது விவசாய அலுவலகத்தில் விதையில் பூச ஒரு கறுப்புப் பொடி கொடுத்தார்கள். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் வெயில் படக்கூடாது என்றார்கள். பிறந்த வீட்டில் தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகியவள் நான். ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, கணவரிடம் விதைக்கக் கொடுத்தேன்.

பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்த கணவர் பதறிவிட்டார். வேரெல்லாம் கொப்புளம்.

"நோவு வந்துக்கினு இருக்குதுமா. எல்லாத்தையும் பிடுங்கிடலாம்."

"இருங்க. நோவு வந்த செடி இவ்ளோ பச்சையா இருக்குமா?"

ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. செடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

வேரைப் பார்த்ததும் அலுவலர் சிரித்தார். "நோவு இல்லபா. நீங்க போட்ட கிருமிதான் உள்ள குடியிருக்குது. காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிச்சு, தழைச்சத்தா செடிக்குக் குடுக்குது. செவப்பா இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அந்தத் தடவை பறிக்கப் பறிக்கக் காய் வந்தது. கூடையில் சுமந்துபோய் என் பிறந்த வீட்டுத் தெருவிலேயே விற்றேன். வீடு திரும்பியபோது, அடுத்து இதே மாதிரி பொடி புரட்டி உளுந்து போடலாமா என்று கணவர் கேட்டார்.