வார்டில் கிடக்க வேண்டிய மூன்று நாள்

மாமா அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையை இரண்டு தரம் தட்டிவிட்டு, தேத்தண்ணி கேட்டார். ஒரு மனிதரை வெறுக்கத் தொடங்கிய நேரத்தை அநேகருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் மாமாவின் வீட்டு முன்னறையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அந்தத் தேத்தண்ணி வருவதற்கு முன்.

கடிதம் சின்னம்மாவுக்கானது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை, மாமாவுக்கும் தங்கை. கல்யாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கந்தோரில் டைப்பிஸ்ட். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அவரும் மாமா வீட்டில் ஒரே அறையில்தான் படுப்போம். சில மாதங்களாக அவருக்கு இருந்தாற்போல் நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தது. "நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சைப் பிடிச்சு விட்ட மாதிரியடி" என்பார். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இதயத் துடிப்பைச் சீராக்க ஒரு புது மாத்திரை எழுதிய இளம் பெண் டொக்டர், தெரிந்த தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். துடிப்பை நேராக்கும் அதே மாத்திரை, முதல் சில நாளில் சிலருக்குத் துடிப்பை இன்னும் மோசமாகக் குழப்பிவிடலாம். ஆகவே மூன்று நாள் வார்டில் இருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரைக்குப் பிறகும் ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். "வீட்டில் தொடங்க வேண்டாம்" என்று இரண்டு தரம் சொல்லித்தான் அனுமதிக் கடிதத்தைத் தந்தார். மாத்திரையை வெளியில் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை வரச் சொன்னார்.

மாமா மறித்தார். "வார்டில போட்டா விலாசம் கேப்பான், பொலிஸ் பதிவு கேப்பான். இவள் ஊரால வந்து நிக்கிறாள், இவளையும் சேர்த்துக் கேப்பான்" என்று என்னைக் காட்டினார். அந்தப் பயம் பொய்யல்ல. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டை உடுப்போடு உடுப்பாகக் கொண்டுதிரிந்த யுத்த காலம் அது. அதனால்தான் அவரை இன்னும் கீழாக நினைக்கிறேன். ஊரே நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துத் தன் காரியத்துக்குக் குடையாகப் பிடித்தார். காரியம் என்னவென்று அன்று பின்னேரம் குசினியில் மாமியிடம் அவர் கதைத்தபோது கேட்டேன். "சனிக்கிழமை எங்கட மகளைப் பார்க்க லண்டன் மாப்பிள்ளை பகுதி வருகினம். பொம்பிளையின்ர தகப்பன்ர தங்கச்சி நெஞ்சு வருத்தத்தில கிடக்கிறா எண்டால், பரம்பரை வருத்தம் எண்டு எழும்பிப் போயிடுவினம்."

சின்னம்மாவிடம் வேறு கதை சொன்னார். "என்ர சிநேகிதன் டொக்டரோட போனில கதைச்சனான். ஆயிரம் பேர் வீட்டில இருந்துதான் போடுகினமாம். பயப்பிடாத பிள்ளை." சின்னம்மா நம்பினார். அண்ணை சொன்னால் சரியாக இருக்கும் என்று நாற்பத்தேழு வருடம் நம்பிய மனுசி. உண்மை தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. நான் சாப்பிட்டது மாமா வீட்டுச் சோறு. இந்த வெறுப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

வெள்ளி காலை ஒன்று, இரவு ஒன்று. சனி காலை சின்னம்மா மூன்றாவது மாத்திரையைப் போட்டுவிட்டு, வருகிறவர்களுக்குப் பலகாரம் சுட அடுப்படியில் நின்றார். பத்து மணியளவில் அகப்பை கையில் இருக்க அப்படியே சரிந்தார். கண் விழித்தார். எழுந்து இருக்கப் பார்த்து, மறுபடி சரிந்தார்.

"பசி மயக்கம். தண்ணி தெளியுங்கோ" என்றார் மாமா. வாசல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிதத்தைத் தாங்கோ, மாமா" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கடிதம் சட்டையோடு சேர்த்துத் தோய்பட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா த்ரீவீலரை வாசலுக்கே கொண்டுவந்தார். "ஏத்துங்க தங்கச்சி, நான் கொண்டுபோறன்" என்று சின்னம்மாவைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். மாமா கேற்றடியில் நின்றார். "நாலு மணிக்கு அவையள் வருகினம், அதுக்கு முதல் வந்திடுவியளோ?" என்று கேட்டார்.

சோதனைச்சாவடியில் நானா ஏதோ சிங்களத்தில் சொன்னார். துவக்கோடு நின்ற பையன் உள்ளே குனிந்து சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தான். என் அடையாள அட்டையை வாங்கக்கூட இல்லை. "யன்ன, யன்ன" என்று பதறிக்கொண்டு போகச் சொல்லித் தடியைத் தூக்கினான். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டது ஒன்றே ஒன்று: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு? பொலிஸ் பதிவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அன்று இரண்டு தரம் திரையில் கோடுகள் தாறுமாறாக எழும்பின. இரண்டு தரமும் ஊசிமருந்து ஏற்றி அடக்கினார்கள். அந்த நேரம் மாமா வீட்டில், தங்கச்சி கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்விட்டாள் என்று சொல்லி, சின்னம்மா சுட்ட பலகாரத்தையே பரிமாறிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிறு மாமா வந்தார். முந்திரிகைப் பழக்குலையோடும் டொக்டர் சிநேகிதரோடும். சிநேகிதர் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் முகம் கறுத்துப்போனார். "இந்த மருந்து எண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே. பிரஷர் குளிசை எண்டெல்லோ நினைச்சன்." மாமா அதைக் கேளாதவர் போல இளம் டொக்டர் பக்கம் திரும்பி, வார்டில் போடச் சொல்லித் தான் எவ்வளவோ சொன்னதாகவும் தங்கைதான் பிடிவாதம் பிடித்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்தாரோ என்னவோ! இருபது வருடமாக ஆங்கிலத்தில் டைப் அடித்தவர் அவர்.

டொக்டர் வேறொரு மருந்தை வார்டிலேயே தொடங்கலாம் என்று சொல்லிச் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். மாமா பேனையைத் திறந்தார். சின்னம்மா கட்டிலில் கிடந்தபடியே எட்டி, பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ர நெஞ்சுக்கு நானே கையெழுத்து வைக்கிறன், அண்ணை. நீங்கள் போங்கோ."

ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி அனுப்பிய பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. கொட்டாஞ்சேனையில் கந்தோருக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். லண்டன் மாப்பிள்ளை பகுதியோ சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளில் யார் அகப்பட்டாலும், தான் அன்றைக்கு ஓடித்திரியாவிட்டால் தங்கை செத்திருப்பாள் என்று சொல்லிக் கண் கலங்குவார். சின்னம்மாவோ சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்.