சித்தி ரத்தம் எடுக்க வந்த ஆடி மாதம்

பெரிய மாமா குடிகாரர் என்று ராஜபாளையத்தில் அவர் தெருவே நம்பியது. அவரோ காப்பிகூடத் தொடாதவர். நடக்கும்போது கால் ஒருபக்கம் இழுக்கும், தோள் தானாகத் துள்ளும், பேச்சு குழறும். நூல்மில்லில் அறுந்த இழையைப் பிணைப்பதில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்தவரை, "தெளிஞ்ச பொறவு வாரும்" என்று சொல்லி ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரையும் அம்மாவையும் பெற்ற தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே ஆட்டம் இருந்ததாம். ஏதோ சாபம் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

அதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் சித்தி, அம்மாவின் தங்கை. மதுரையில் வேதியியல் படித்துவிட்டு பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நரம்பைத் தின்னும் பரம்பரை நோய்களும் டிஎன்ஏயும்தான் அவள் வேலை. எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. சித்தி வந்தால் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். அவள் பஸ் ஏறிய மறுநாளே, அடுத்து எப்போது வருவாள் என்று அம்மாவை நச்சரிக்கத் தொடங்கிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஆடிப்பூரத்துக்கு வந்தவள் ஓர் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குச் சொந்தமெல்லாம் வந்து சேரும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வந்திருந்தாள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள்.

"ஏட்டி, எம்புட்டு எடுப்ப? எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார் சின்னத் தாத்தா. கொடுத்தவர்களுக்கெல்லாம் அம்மா பால்கோவா கொடுத்தாள். அதற்காகவே ஒரு சித்தப்பா மறுபடியும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

நானும் கையை நீட்டினேன். சித்தி அதை மெல்ல மடக்கிவிட்டாள்.

"ஒனக்கு எடுக்க மாட்டேன். பெருசாகி, நீயா யோசிச்சு வந்து கேளு. அப்பப் பாப்போம்."

என்னை மட்டும் குடும்பத்திலிருந்து தள்ளிவைத்துவிட்டது போல அழுதேன். அழுகையை நிறுத்துவதற்காக அவள் ஒரு வெங்காயத்தை நசுக்கி, உப்பும் சோப்புத்தூளும் கரைத்த தண்ணீரில் கலக்கி வடிகட்டினாள். கண்ணாடி டம்ளரில் அதை விட்டு, ஐஸ் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றினாள். செத்த நேரத்தில் வெள்ளை வெள்ளையாக இழைகள் மிதந்து மேலே வந்தன.

"இதுதான் டிஎன்ஏ. நமக்கும் உண்டு. அம்மா அப்பாகிட்ட இருந்து வருது. இதுக்குள்ள எழுத்து மாதிரி இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வந்துட்டா, உடம்பு திக்கிப்போகும். மாமாவுக்கு அதுதான்னு நெனைக்கேன்."

மாமா தள்ளாடி வந்து டம்ளரை உற்றுப் பார்த்தார். "இது எத்தனாம் நம்பர் நூலுட்டி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, "மில்லு நூலு அறுந்தா நான் பிணைச்சிருவேன். இதை யாரு பிணைக்கது?" என்று கேட்டார்.

"இன்னும் யாருக்கும் தெரியலண்ணே" என்றாள் சித்தி. "அதுக்குத்தான் கெடந்து படிக்கேன்."

மாமாவின் கையை நாலு பேர் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் எடுக்க முடிந்தது. களைத்துப்போய் அங்கேயே பாயில் தூங்கிவிட்டார். தூக்கத்தில் அந்த ஆட்டம் அடங்கிவிடும். நூல் பிணைத்த அந்த விரல்கள் நிம்மதியாகக் கிடந்தன. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் ரத்தத்தைப் பாத்தியா?" என்று அம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"இல்லக்கா."

"ஒன்னக் கட்டிக்கிடணும்னு அந்தப் பையன் எம்புட்டு நாளு காத்திருப்பான்?"

"காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். பாக்கதுக்குப் பயமா இருக்குக்கா."

பெங்களூரில் மாமாவின் நோய் உறுதியானதும், சித்தி மில்லுக்கே போய்ப் பேசினாள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் குடிகாரன் என்ற பேச்சு நின்றது. சில வருஷங்களில் மாமா போய்விட்டார். சோதனையில் அம்மா தப்பினாள், அதனால் நானும் தப்பினேன். சித்தி கடைசிவரை தன் ரத்தத்தைப் பார்க்கவில்லை. நாற்பதைத் தாண்டியதும், தானாகத் துள்ளத் தொடங்கிய அவள் விரல்களே சொல்லிவிட்டன. பெரியவளாகி அவளிடம் போய்க் கேட்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. கேட்பதற்கு இப்போது அவளும் இல்லை. ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால், பெங்களூர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி வந்துவிடமாட்டாளா என்று இருக்கிறது.

அன்று பாயோரம் நின்றிருந்த எனக்குப் புரிந்ததெல்லாம் 'பயமா இருக்கு' என்ற சொல் மட்டும்தான். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட சித்திக்கு, தனக்குப் போட்டுக்கொள்ளப் பயம்! கிட்டே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்காது சித்தி. நான் பிடிச்சிக்கிடுதேன். நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிடுங்க."

அவள் என்னை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க என் உச்சந்தலை நனைந்தது. ஒரு பெரிய மனுஷிக்குத் தைரியம் சொல்லிவிட்ட பெருமையில், அன்று சாயங்காலம் வரை தெருவில் தலைநிமிர்ந்து திரிந்துகொண்டிருந்தேன்.