ஒரே கோட்டுப் போட்ட ஆறு பணக்காரர்கள்

படம் எடுக்க வருகிறவரை, இருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகக் காட்டுவதுதான் ஸ்டுடியோக்காரன் பிழைப்பு. கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். உங்களையும் யாராவது, "ஒரு சாயா குடிச்சிட்டே நல்ல விஷயம் பேசலாம்" என்று கூப்பிட்டு, ஆள் சேர்த்தால் காசு கொட்டும் என்கிற கூட்டத்தில் உட்கார வைத்திருப்பார்கள். அங்கே உங்களுக்குக் காட்டிய படங்களை எடுத்தவர்களில் நானும் ஒருவன். திட்டுவதாக இருந்தால், முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கார் யாருடையது

சாஜன் என்ற ஒருவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். சத்து மாவு விற்கும் கம்பெனியில் பெரிய லீடராம். கம்பெனியின் பேரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, அது அடிக்கடி மாறும். அவன் கூட்டி வருகிறவர்களுக்கு பாஸ்போர்ட் படத்துக்காக நான் மாட்டி வைத்திருக்கும் கறுப்புக் கோட்டைப் போட்டுவிட வேண்டும். பிறகு போர்ட் கொச்சியில் ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும்.

முதல் ஆள் முருகேசன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவர். கோட்டின் கை அவருக்கு நீளம், உள்ளே மடித்துக் குண்டூசி குத்தினேன். கார்க் கதவின் மேல் கை வைக்கச் சொன்னபோது, அழுக்காகிவிடுமோ என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இந்தக் கார் யாரோடது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சாஜன் முந்திக்கொண்டான்: "ஆறு மாசம் கழிச்சு உங்களோடது, இப்போ சிரிச்சா மதி, அது போதும்."

அட்டைச் செக்

அடுத்து ஒரு ஹாலில் பரிசளிப்பு விழா. கதவு அகலத்துக்கு ஒரு அட்டைச் செக். பேர் எழுதும் இடத்தில் மட்டும் ஸ்டிக்கரை உரித்து உரித்து ஒட்டினார்கள். வரிசையில் செல்வி நின்றாள். நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், எங்கள் தெருப் பக்கம்தான் வீடு. பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். நான் படம் எடுத்த மறு நிமிஷம், சாஜனின் ஆள் அட்டையை அவள் கையிலிருந்து உருவப் பார்த்தான்.

செல்வி விடவில்லை. "எங்க வீட்டுக்காரர் வெளிய வண்டி நிறுத்திட்டு வர்றாரு, அவர் பாக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிறேனே" என்றாள்.

மூலையில் இருந்த பேர்

சில மாதம் கழித்து செல்வி ஸ்டுடியோவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். செக் வெறும் அட்டையாம், 'ஊக்கத்துக்காக'வாம். சேரும்போது தலையில் கட்டிய மாவு டப்பாக்கள் கட்டிலுக்கடியில் அப்படியே கிடக்கின்றன. வாங்குவார் இல்லாமல் வீட்டில் காலையும் மாலையும் அதையே கரைத்துக் குடிக்கிறார்கள். அதைவிட மோசம், அந்தப் படத்தைக் காட்டித் தெருவில் நாலு வீட்டை அவளே சேர்த்துவிட்டிருந்தாள்.

"படத்தைப் பார்த்ததும் நம்பிட்டாங்களா?" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"படத்தை இல்லண்ணா, மூலையில இருந்த உங்க ஸ்டுடியோ பேரை. நம்ம கல்யாணப் படமெல்லாம் எடுத்தவரு பொய்யா எடுப்பாரான்னு கேட்டாங்க" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால்

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி சாஜன் மேல், பாதி என் மேல். கம்ப்யூட்டரில் இருந்த படங்களை எல்லாம் திறந்தேன். ஆறு பேர், ஒரே கோட்டு, ஒரே நம்பர் போட்ட கார். எல்லாருக்கும் அதே செக், தொகை கூட மாறவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினேன். முகங்களின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டினேன். ஏமாந்தவர்களைத் தெருவில் நிறுத்துவது என் நோக்கமில்லை. கீழே தமிழிலும் மலையாளத்திலும், "இவர்கள் யாருக்கும் இந்தக் கார் கிடைக்கவில்லை" என்று எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த வாரம் சேருவதாக இருந்த மூன்று பேர் உள்ளே வந்து விசாரித்துவிட்டு, சேரவில்லை என்று என் எதிரிலேயே போன் பண்ணிச் சொன்னார்கள். மறுநாள் சாஜன் வந்தான். கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். "சேட்டா, ஒருத்தன் முன்னுக்கு வர்றது உங்களுக்குப் பொறுக்காதா?"

இரண்டும்தான்

முருகேசன் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார், எல்லாரும் ஊர்க்காரர்கள். அவர்களை எதிர்கொள்ள முடியாமல் ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு ஓடிவிட நினைத்தார். "நீங்க ஓடினா சாஜனுக்குத்தான் சௌகரியம்" என்று பிடித்து வைத்தேன். பதினொரு பேரையும் சாயாக் கடைக்கு வரவழைத்தோம். இனி ஒரு ஆளைக்கூடச் சேர்க்காதீர்கள், ரசீதையும் போனில் வந்த செய்திகளையும் அழிக்காதீர்கள் என்றேன். ஒருவர் முருகேசன் சட்டையைப் பிடித்தார், விலக்கிவிட்டோம். பிறகு என் படங்களையும் எடுத்துக்கொண்டு எல்லாருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். செல்வியும் வந்தாள்.

புகார் எழுதின போலீஸ்காரர் முருகேசனை நிமிர்ந்து பார்த்தார். "உங்களை ஏமாத்துனாங்களா, இல்ல நீங்க ஏமாத்துனீங்களா?"

முருகேசன் தன் ரசீதுகளை மேஜைமேல் வைத்தார். "ரெண்டும்தான் சார். ரெண்டையும் எழுதிக்கோங்க."

வழக்குப் பதிவானது, ஆபீஸைப் பூட்டினார்கள், சாஜன் தலைமறைவானான், போன பணம் இன்னும் திரும்பவில்லை. இப்போது அதே மாவு வேறு டப்பாவில் ஏலூர்ப் பக்கம் விற்கிறதாம், அங்கே படம் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை என்பதுதான் இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.