பிசிறு என்று நினைத்து வெட்டிய ஒயர்

2007-ல் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பூர் நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கான ரோபோ போட்டி நடந்தது. வெள்ளைத் துணியில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்து ரோபோ தானாக ஓட வேண்டும். எங்கள் வகுப்பில் பத்துப் பேரை வாலண்டியராக எடுத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோபோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, அது வேறு விஷயம்.

ரோபோக்களை வாங்கி, நம்பர் ஒட்டி, மேஜையில் வைப்பது என் வேலை. அதன்பிறகு முறை வரும்வரை போட்டியாளர்கள் தொடக்கூடாது.

என் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்த்துப் பிசிறு நூலை வெட்டும் செக்கிங் வேலை. பீஸ்கள் வீட்டுக்கும் வரும். சின்ன ட்ரிம்மர் கத்தரியால் பிசிறு வெட்டியே வளர்ந்தவள் நான். எங்கே நூல் தொங்கினாலும் கை சும்மா இருக்காது. அன்று டேப் வெட்ட அந்த ட்ரிம்மரைத்தான் கொண்டுபோயிருந்தேன்.

அனுப்பர்பாளையத்திலிருந்து வந்த எட்டாவது படிக்கும் பெண், டிபன் பாக்ஸ் மூடியில் செய்த ரோபோவைக் கொடுத்தாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். அவள் போனதும் பார்த்தேன், அடியில் மெல்லியதாக ஏதோ தொங்கியது. நறுக்கென்று வெட்டிவிட்டேன். இப்போதுதான் நீட்டாக இருக்கிறது என்று பெருமை வேறு.

அவள் முறை வந்தது. ரோபோ டேப்பைக் கண்டுகொள்ளாமல் நேராக ஓடிப் போய்ச் சுவரில் முட்டியது. நடுவராக வந்த சார், ஒயரிங் சரியில்லை என்று அடுத்த டீமைக் கூப்பிட்டார். அவள் ரோபோவைத் திருப்பிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட முனையில் செம்பு மின்னியது. நான் வெட்டியது நூல் இல்லை, ஒயர். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

அவள் அழக்கூட இல்லை, பாவம். "நாந்தான் சரியா ஒட்டலீங்களாட்ட இருக்குதுங்க சார்" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அதை வெட்டுனது நானுங்க. பிசிறுன்னு நெனச்சுட்டேனுங்க."

ஹாலே சிரித்தது. சார் என்னை முறைத்துவிட்டு, அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். அவள் ஒயரைப் பல்லால் உரித்து முறுக்கினாள். நான் டேப் சுற்றினேன். ஒரு சுற்று போதாதென்று மேலும் மேலும் சுற்றினேன்.

"விடுங்கக்கா, எங்கம்மாவும் செக்கிங்தானுங்க. என் பாவாடைல நூல் தொங்குனாக்கூட விடமாட்டாங்க" என்றாள் மெதுவாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ரோபோ இரண்டு வளைவு ஓடியது. மூன்றாவதில் அந்த ஒட்டு விட்டுப்போய் நின்றுவிட்டது. பரிசு இல்லை. அவள் அதை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இன்று நானும் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். யாராவது தலைகுனிந்து, "என் தப்புதானுங்க" என்று நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்துவிடும், உடனே அது என் கைத்தப்பாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்க்கிறேன்.